பிள்ளைக்கு மருத்துவபீடம் கிடைக்குமா? வீட்டு மேசையில் போட்ட ஒரு கணக்கு

மார்ச், ஏப்ரல் மாதங்களில் எங்கள் அலுவலகத்துக்கு வருமானவரிக் கணக்கோடு வருபவர்கள் பிள்ளைகளின் கல்விக் கட்டணச் சீட்டையும் கொண்டுவருவார்கள். ரி 2202 என்று பெயர். அந்த ஒற்றைத் தாளை மேசையில் வைத்த கையோடு ஒரு கேள்வியும் வரும். "பிள்ளை லைஃப் சயன்ஸ் ரெண்டாம் வருசம். மெடிசின் கிடைக்குமோ அண்ணை?"

கணக்காளரிடம் கேட்கிற கேள்வி அல்ல இது. ஆனாலும் எங்கள் மூத்த மகள் அந்தப் பாதையால் போனவள் என்பது ஸ்காபறோவில் சிலருக்குத் தெரியும். நாங்களோ ஊரில் வர்த்தகப் பிரிவு படித்து, அகதியாக வந்து, இங்கே மறுபடியும் கணக்கியல் பரீட்சை எழுதிப் பிழைத்தவர்கள். கனடாவில் மருத்துவபீட அனுமதி எப்படி நடக்கிறது என்பதை மகளுக்காகத்தான் கற்றோம். பிழைவிட்டுத்தான் கற்றோம். அதை ஒன்ராறியோ மாகாணத்தை மனதில் வைத்து இங்கே எழுதுகிறோம். விதிகள் ஆண்டுதோறும் மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டோடு இதை ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம்.

வெட்டுப்புள்ளி என்ற பழைய நினைப்பு

நமது தலைமுறை உயர்தரப் பரீட்சை எழுதிய காலத்தில் நான்கு பாடம், ஒரு மொத்தப் புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. 1970களில் தரப்படுத்தல் வந்த பிறகு யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்கு அந்தக் கோடு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதில் அநீதி இருந்தது. ஆனாலும் கோடு எங்கே இருக்கிறது, பிள்ளை அதற்கு மேலா கீழா என்பது பெறுபேறு வந்த அன்றே தெரிந்துவிடும்.

அந்த நினைப்போடுதான் இங்கேயும் "எத்தனை புள்ளி எடுத்தால் கிடைக்கும்?" என்று கேட்கிறோம். இங்கே அப்படி ஒரு கோடு இல்லை. ஒன்ராறியோவில் ரொறன்ரோ, மக்மாஸ்ரர், வெஸ்ரேன், குயின்ஸ், ஒட்டாவா, வடக்கில் நொசம் என ஆறு மருத்துவபீடங்கள் இருந்தன. 2025 செப்ரெம்பரில் பிரம்ரனில் ரொறன்ரோ மெட்ரோபொலிற்றன் பல்கலைக்கழகத்தின் பீடம் 94 மாணவர்களோடு ஏழாவதாகத் தொடங்கியது. எல்லாவற்றுக்கும் ஓம்சாஸ் என்ற ஒரே சேவை ஊடாகத்தான் விண்ணப்பம் போகிறது. ஒக்ரோபர் தொடக்கத்தில் முடிவுத் திகதி. ஆனால் அந்த ஒரே விண்ணப்பத்தை ஒவ்வொரு பீடமும் தன் தன் தராசில் நிறுக்கிறது.

போட்டி எவ்வளவு என்று அறிய ஒரு கணக்குப் போதும். மக்மாஸ்ரருக்கு ஓராண்டில் ஏறக்குறைய 5000 பேர் விண்ணப்பிக்க, இருக்கும் இடங்கள் 200க்குச் சற்று மேல். 2026 இலையுதிர் காலத்திலிருந்து ஒன்ராறியோவின் இடங்களில் குறைந்தது 95 சதவீதம் இம்மாகாணத்தவர்க்கே என்று அரசு அறிவித்தது நமது பிள்ளைகளுக்குச் சற்று உதவும். அதற்காகப் போட்டி இலகுவாகிவிட்டது என்று நினைக்கக் கூடாது.

ஆகவே கேள்வியை இப்படி மாற்றிக் கேட்க வேண்டும். எந்தப் பீடத்தின் தராசில் நம் பிள்ளை எங்கே நிற்கிறது? அங்கே எதை இன்னும் உயர்த்தலாம்?

ஒரே பெறுபேறு, மூன்று எண்கள்

முதலில் ஜி.பி.ஏ. ஓம்சாஸ், பல்கலைக்கழகப் புள்ளிகளை 4.0 அளவுக்கு மாற்றுகிறது. நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிடும் பல பல்கலைக்கழகங்களுக்கு அதன் அட்டவணை இப்படி: 90க்கு மேல் 4.0. 85 முதல் 89 வரை 3.9. 80 முதல் 84 வரை 3.7. 77 முதல் 79 வரை 3.3. 73 முதல் 76 வரை 3.0. 70 முதல் 72 வரை 2.7.

கணக்குப் படித்தவர்கள் உடனே கவனிக்க வேண்டியது படிகளின் உயரம். 80 எடுத்தாலும் 84 எடுத்தாலும் ஒன்றுதான். ஆனால் 79இலிருந்து 80க்கு ஏறினால் 0.4 கூடுகிறது. 89இலிருந்து 90க்கு ஏறினால் 0.1 மட்டுமே. ஆகவே ஒரு பாடத்தில் 95 எடுத்துப் பெருமைப்படுவதை விட, இன்னொரு பாடம் 79இல் நிற்காமல் பார்ப்பது பெரிய இலாபம். தவணை நடுவில் எந்தப் பாடத்துக்கு எத்தனை மணித்தியாலம் கொடுப்பது என்ற முடிவைப் பிள்ளை இதைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்.

அடுத்தது, மூன்று ஆண்டும் 3.4, 3.7, 3.9 என்று எடுத்த ஒரு மாணவரை எண்ணுங்கள். எல்லா ஆண்டையும் சமமாகச் சேர்த்தால் 3.67. ஒட்டாவா போல் பிந்திய ஆண்டுக்கு மூன்று பங்கு, அதற்கு முந்தியதற்கு இரண்டு, முதலாம் ஆண்டுக்கு ஒரு பங்கு என்று எடை போட்டால் 3.75. வெஸ்ரேன் நீண்டகாலமாகச் செய்துவந்ததைப் போல் சிறந்த இரண்டு ஆண்டை மட்டும் எடுத்தால் 3.8. ஒரே பிள்ளை, ஒரே பெறுபேற்றுத் தாள், மூன்று எண்கள். முதலாம் ஆண்டு சறுக்கிய பிள்ளை எங்கே விண்ணப்பிக்க வேண்டும் என்பது இதிலேயே பாதி தெரிந்துவிடும்.

சராசரி எவ்வளவு மெதுவாக ஏறும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டில் 20 அரைப்பாடம் முடித்து 3.62இல் நிற்கும் மாணவர் மூன்றாம் ஆண்டின் பத்துப் பாடத்திலும் 3.9 எடுத்தாலும் மொத்தம் 3.71தான். நான்காம் ஆண்டில் 3.95 எடுத்தால் 3.77. "இனிமேல் நல்லாய்ப் படி, எல்லாம் சரிவரும்" என்று சொல்லுமுன் பெற்றோர் இந்தப் பெருக்கல் கூட்டலைச் செய்துபார்க்க வேண்டும். சரிவரும் இடமும் உண்டு, வராத இடமும் உண்டு.

ரி 2202 சொன்ன செய்தி

எங்கள் மகள் உயர்தரப் பாடசாலையை 95 சதவீதத்தோடு முடித்தவள். முதலாம் ஆண்டில் கொஞ்சம் இறங்கினாள், அது எல்லோருக்கும் நடப்பதுதான் என்று இருந்தோம். மூன்றாம் ஆண்டு மார்ச் மாதம் அவளுடைய வரிக்கணக்கைச் செய்ய ரி 2202ஐத் திறந்தோம். முன்னைய ஆண்டின் ஜனவரி முதல் ஏப்ரல் வரை நான்கு மாதம் பகுதிநேரம் என்று இருந்தது. முதலில் பல்கலைக்கழகத்தின் பிழை என்றுதான் நினைத்தோம்.

பிழை அல்ல. சேதன இரசாயனத்தில் 71 வரப்போகிறது என்று பயந்து, அதையும் இன்னும் இரண்டு பாடத்தையும் விட்டிருக்கிறாள். ஒரு வருடமாக எங்களுக்குச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டபோது, "நீங்கள் ரெண்டு பேரும் ரெண்டு வேலை செய்யிறீங்கள், அதை எப்பிடிச் சொல்லுறது?" என்றாள். அன்று இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

பாடத்தை விட்டது பெரிய தவறு அல்ல. தண்டனையின்றி விடுவதற்கான கடைசித் திகதிக்கு முன் விட்டால் அது சராசரியில் சேராது. ஆனால் சிறந்த ஆண்டுகளைத் தேர்ந்து பார்க்கும் பீடங்கள் அந்த ஆண்டில் முழுநேரப் பாடச்சுமை இருந்ததா என்றும் பார்க்கின்றன. ஒரு பாடத்தை மட்டும் விட்டு மற்றவற்றைத் தாங்கியிருக்கலாம். கல்வி ஆலோசகரிடம் போயிருக்கலாம். எங்களிடம் சொல்லப் பயந்தவள் யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பயத்தை வீட்டில் உண்டாக்கியவர்கள் நாங்கள். உறவினர் வீட்டுக் கொண்டாட்டங்களில் "டொக்டருக்குப் படிக்கிறா" என்று முதலாம் ஆண்டிலேயே சொல்லித் திரிந்தவர்கள் வேறு யார்?

எம்கற் என்ற பரீட்சை

எம்கற் நான்கு பகுதிகள் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 118 முதல் 132 வரை, மொத்தம் 472 முதல் 528 வரை. இடைவேளைகளோடு ஏழரை மணித்தியாலம். வாழ்நாளில் ஏழு தடவைக்கு மேல் எழுத முடியாது. ஓராண்டில் மூன்று, இரண்டு ஆண்டில் நான்கு என்ற எல்லையும் உண்டு. ஆகவே "சும்மா ஒருக்கா எழுதிப் பாப்பம்" என்பது நல்ல யோசனை அல்ல.

இங்கும் தராசுகள் வேறு. ஒட்டாவாவும் நொசமும் பிரம்ரனில் தொடங்கிய புதிய பீடமும் எம்கற் கேட்பதில்லை. ரொறன்ரோ பகுதிவாரியாகக் குறைந்தபட்ச எல்லை வைத்துத் தாண்டினாயா என்று பார்க்கிறது. மக்மாஸ்ரர் நான்கில் ஒரு பகுதியை மட்டும் எடுக்கிறது. அதுதான் கார்ஸ் எனப்படும் வாசிப்புப் பகுதி.

நம் பிள்ளைகள் பலர் தடுமாறுவது இந்தக் கார்ஸில்தான். தத்துவம், கலை, வரலாறு, சமூகம் பற்றிய ஒன்பது கட்டுரைப் பந்திகள், 53 கேள்விகள், 90 நிமிடம். உயிரியலும் இரசாயனமும் உதவாது. எழுதியவர் என்ன சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று படிக்கத் தெரியவேண்டும். நான்காம் வகுப்பிலிருந்து கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ரியூசன் அனுப்பிய நாம், பிள்ளை கதைப்புத்தகம் வாசித்தால் "படிக்கிற வேலையைப் பார்" என்றோம். அதன் விலை இங்கே தெரிகிறது.

மகள் முதல்முறை கார்ஸில் 124 எடுத்தாள். இரண்டாம் முறை 127. இடையில் செய்தது ஓராண்டு முழுவதும் நாளுக்கு ஒரு நீண்ட கட்டுரை வாசித்து, அதன் சாரத்தை இரண்டு வரியில் எழுதியது. கடைசி மூன்று மாதம் பரீட்சையை நடத்தும் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கத்தின் பயிற்சித் தாள்களை மணிக்கூடு வைத்துச் செய்தாள். ஆயிரக்கணக்கில் காசு வாங்கிய ஒரு பயிற்சி நிறுவனத்துக்கும் போனாள். எது உதவியது என்று கேட்டால் வாசிப்பைத்தான் சொல்வாள்.

பற்றுச்சீட்டு உள்ள செயற்பாடுகள்

16 வயதிலிருந்து செய்த வேலை, தொண்டு, ஆராய்ச்சி, கலை, விளையாட்டு எல்லாவற்றையும் ஓம்சாஸில் சுருக்கமாகப் பதியவேண்டும். ஒவ்வொன்றுக்கும் உறுதிப்படுத்தக்கூடிய ஒருவரின் பெயர் வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாத செலவை வரித் திணைக்களம் ஏற்காததைப் போன்றதுதான் இது. முதலாம் ஆண்டிலேயே ஒரு கொப்பியில் திகதி, மணித்தியாலம், பொறுப்பாளரின் பெயர், தொடர்பு எண் ஆகியவற்றை எழுதத் தொடங்க வேண்டும். மூன்றாண்டு கழித்துத் தேடினால் பொறுப்பாளர் இடம் மாறியிருப்பார்.

வைத்தியசாலையில் தொண்டு செய்தால்தான் பெறுமதி என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. எங்கள் மகள் வெள்ளி பின்னேரங்களில் தமிழ்ப் பள்ளியில் ஆறு ஆண்டு உதவி ஆசிரியர். கோப்பிக் கடையில் வேலை செய்தாள். அம்மம்மாவை மாதம் தவறாமல் சிறுநீரக வைத்தியரிடம் கூட்டிச்சென்று மொழிபெயர்த்தாள். முதல் விண்ணப்பத்தில் கோப்பிக் கடையையும் அம்மம்மாவையும் எழுதவே இல்லை. "அது வீட்டு வேலைதானே" என்று நாங்களும் சொன்னோம். இரண்டாம் முறை எழுதினாள். நோயாளிக்கும் வைத்தியருக்கும் நடுவில் ஆறு ஆண்டு நின்ற பிள்ளை அதை ஏன் மறைக்க வேண்டும்? குடும்பத்துக்காக உழைத்ததும் முதியவரைப் பராமரித்ததும் உண்மையான அனுபவம்.

மூன்று சான்றுரைஞர்கள் தேவை. ஆயிரம் பேர் அமரும் வகுப்பில் பேராசிரியர் யாரையும் அறியமாட்டார். இரண்டாம் ஆண்டிலேயே சிறிய வகுப்புகள், ஆய்வுகூட வேலை, பேராசிரியரின் சந்திப்பு நேரம் ஆகியவற்றைப் பயன்படுத்தி இருவருக்காவது பிள்ளையின் முகம் தெரியும்படி செய்துகொள்ள வேண்டும்.

காஸ்பரும் நேர்முகமும்

காஸ்பர் என்பது சூழ்நிலைகளைக் காட்டி "நீ என்ன செய்வாய், ஏன்?" என்று கேட்கும் இணையப் பரீட்சை. ஒரு விண்ணப்பச் சுற்றில் ஒரு தடவைதான் எழுதலாம், மறு ஆண்டு மறுபடி எழுத வேண்டும். மக்மாஸ்ரர் நேர்முகத்துக்கு அழைப்பதில் ஜி.பி.ஏ., கார்ஸ், காஸ்பர் ஆகிய மூன்றுக்கும் ஏறக்குறையச் சம எடை கொடுத்துவந்திருக்கிறது. குயின்ஸ் அண்மையில், குறைந்தபட்ச எல்லைகளைத் தாண்டியவர்களின் பெயர்களைக் குலுக்கலில் போட்டு அடுத்த கட்டத்துக்கு எடுக்கும் முறைக்கு மாறியது.

நேர்முகம் பெரும்பாலும் எம்.எம்.ஐ. என்ற முறையில் நடக்கும். மக்மாஸ்ரரில் உருவான முறை இது. ஒவ்வொரு அறைக்கதவிலும் ஒரு கேள்வி, யோசிக்க இரண்டு நிமிடம், உள்ளே எட்டு நிமிடம் வரை. நம் வீடுகளில் பிள்ளை பெரியவர்களோடு மாற்றுக்கருத்துப் பேசினால் "வாய்க்குவாய் கதைக்கிறா" என்போம். அங்கே கேட்பது அதைத்தான். இருபக்க நியாயத்தையும் சொல்லி, தன் முடிவையும் சொல்லி, எதிர்க்கேள்விக்குக் கோபிக்காமல் பதில் சொல்ல வேண்டும். அதற்குச் சாப்பாட்டு மேசை நல்ல பயிற்சியிடம். மகளின் இரண்டாவது விண்ணப்ப ஆண்டில் நாங்கள் கேள்வி கேட்டோம், அவள் பதில் சொன்னாள். பல நாள் எங்களுக்குத்தான் புத்தி வந்தது.

மேசையில் போட்ட ஐந்தொகை

முதல் விண்ணப்பத்துக்கு ஒரு நேர்முக அழைப்பும் வரவில்லை. அதன் பிறகுதான் ஒரு தாளை எடுத்து மூன்று நிரல் போட்டோம்.

முதலாவது, முடிந்தது. எழுதிய பாடங்களின் புள்ளி, பகுதிநேரமான தவணை. இவற்றை யாரும் மாற்ற முடியாது, இவற்றுக்காக ஏசுவதிலும் பயன் இல்லை. இரண்டாவது, மாற்றக்கூடியது. மீதமுள்ள பாடங்கள், கார்ஸ், செயற்பாட்டுப் பட்டியல் எழுதிய விதம், சான்றுரைஞர்கள், பேச்சு. மூன்றாவது, நம் கையில் இல்லாதது. எத்தனை பேர் விண்ணப்பிப்பார்கள், குலுக்கலில் யார் பெயர் வரும், நேர்முகத்தில் எதிரே யார் இருப்பார்.

பிறகு ஒவ்வொரு பீடத்துக்கும் ஒரு வரி. மகள் முதலில் விண்ணப்பித்த மூன்று பீடங்களும் பெயருக்காகத் தெரிந்தவை. அவற்றில் இரண்டின் தராசில் அவளுடைய ஜி.பி.ஏ. நிற்கவே நிற்காது என்று அந்தத் தாளில்தான் தெரிந்தது. காசைக் கட்டி மறுப்பை வாங்கியிருக்கிறோம். இரண்டாம் முறை தன் கோப்புக்குப் பொருந்தும் இடங்களைப் பார்த்து விண்ணப்பித்தாள். இரண்டு நேர்முகம் வந்தது. மே மாதம் ஒன்று மறுப்பு, மற்றது காத்திருப்போர் பட்டியல். ஜூனில் இடம் கிடைத்தது.

இங்கே நிறுத்தினால் இது வெற்றிக் கதையாகிவிடும். எங்கள் பெறாமகனுக்கும் ஏறக்குறைய அதே ஜி.பி.ஏ. கார்ஸில் மகளை விட ஒரு புள்ளி கூட. மூன்று தடவை விண்ணப்பித்தான், கிடைக்கவில்லை. அவன் குறைவாக உழைத்தான் என்று சொன்னால் அது பொய். மூன்றாவது நிரலும் உண்மையானது என்பதைப் பெற்றோர் ஏற்கவேண்டும். அவன் இப்போது மருந்தாளர் படிப்பில் இருக்கிறான், சந்தோசமாக இருக்கிறான். தகப்பனுக்குத்தான் இன்னும் கொஞ்சம் நாள் வேண்டும்.

வீட்டை ஈடு வைக்குமுன்

மறுப்பு வந்த வீடுகளுக்கு அடுத்து வருவது வெளிநாட்டு மருத்துவக் கல்லூரியின் விளம்பரம். அப்படிப் போய் நல்ல வைத்தியராகத் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் கணக்கை முழுதாகப் போடுங்கள். கட்டணமும் வாழ்க்கைச் செலவும் சேர்ந்து நான்கு இலட்சம் டொலரை எட்டுவது புதினம் அல்ல. படித்து முடித்துத் திரும்பினால் கனடாவில் பயிற்சி இடத்துக்குப் போட்டியிட வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு ஒதுக்கிய இடங்கள் குறைவு. கிடைத்தால் மீள்சேவை ஒப்பந்தமும் உண்டு. கிடைக்காவிட்டால் கடன் மட்டும் மிஞ்சும். அறுபது வயதில் வீட்டுக்கடனை முதலிலிருந்து கட்டத் தொடங்கிய ஒரு குடும்பத்தின் கணக்கை நாங்கள் ஆண்டுதோறும் செய்கிறோம். போகக்கூடாது என்று சொல்லவில்லை. பயிற்சி இடம் கிடைக்காவிட்டால் இந்தக் கடனை யார், எந்த வருமானத்தில் கட்டுவது என்ற கேள்விக்கு எழுத்தில் பதில் இல்லாமல் கையெழுத்து வைக்கவேண்டாம் என்கிறோம்.

உள்நாட்டிலேயே உதவிகள் உண்டு. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு எம்கற் கட்டணச் சலுகை இருக்கிறது. ரொறன்ரோ மருத்துவபீடத்தின் "கொம்யூனிற்றி ஒஃப் சப்போட்" என்ற திட்டம் பொருளாதாரத்தில் பின்தங்கிய மாணவருக்கும் வழிகாட்டுகிறது. நம்மவர் பலர் கூச்சத்தில் கேட்பதில்லை. கேட்கவேண்டும்.

இன்னொன்று. மருத்துவத்துக்கு லைஃப் சயன்ஸ்தான் படிக்கவேண்டும் என்ற கட்டாயம் பல பீடங்களில் இல்லை. மக்மாஸ்ரரும் வெஸ்ரேனும் குறிப்பிட்ட பாடங்களைக் கேட்பதில்லை. ரொறன்ரோவும் ஒட்டாவாவும் சில பாடங்களைக் கேட்கும். ஆகவே பிள்ளை விரும்பிப் படிக்கக்கூடிய, மருத்துவம் கிடைக்காவிட்டாலும் வேலை தரக்கூடிய பட்டத்தைத் தேர்வது புத்தி. எத்தனை தடவை விண்ணப்பிப்பது, அதற்கிடையில் என்ன செய்வது என்பதை முதல் விண்ணப்பத்துக்கு முன்னரே பிள்ளையோடு பேசி முடிவெடுங்கள். முதல்முறை கிடைக்காமல் பிறகு போனவர்கள் நிறைய.

இந்த ஆண்டும் ஒரு தாய் ரி 2202ஐ வைத்துவிட்டு அதே கேள்வியைக் கேட்டார். சீட்டைப் பார்த்தோம், எட்டு மாதமும் முழுநேரம். "பிள்ளையையும் ஒருநாள் கூட்டிக்கொண்டு வாங்கோ, பெறுபேற்றுத் தாளோடை" என்றோம். "அவ காட்டமாட்டா" என்றார். அப்படியானால் முதல் வேலை அங்கேதான் இருக்கிறது. பிள்ளை பயமில்லாமல் அந்தத் தாளை வீட்டு மேசையில் வைத்த பிறகு, மிச்சக் கணக்கை எல்லோருமாகப் போடலாம்.